கொரியாவில் அறுவடை எப்போது

எங்கள் வீட்டுக்குப் புதுக் கம்ப்யூட்டர் வந்த அன்று அதற்குச் சந்தனம், குங்குமம் வைத்தோம். எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டுச் சூடம் காட்டினோம். பொத்தானை அமுக்கியதும் உள்ளே விசிறிகள் சுற்றின. கண்ணாடிப் பக்கத்தில் நீலமும் சிவப்புமாக விளக்குகள் ஓடின. திரையில் மட்டும் ஒன்றும் வரவில்லை. வராது என்று எங்களுக்கு முன்பே தெரியும். அதில் ரேம் கிடையாது.

ரேம் இல்லாத கம்ப்யூட்டருக்குச் சூடம் காட்டிய குடும்பம் கோயமுத்தூர் ஜில்லாவில் எங்களுடையது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். எப்படி அந்த நிலைமைக்கு வந்தோம் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

நான் படம் வரைகிறவள். சாமி படம் இல்லை. பம்பு, மோட்டார் போன்றவற்றின் இரும்பு பாகங்களை வார்ப்பதற்கு அச்சு செய்ய வேண்டும் அல்லவா, அந்த அச்சுக்கான படத்தைக் கம்ப்யூட்டரில் வரைந்து கொடுப்பது என் பிழைப்பு. கோயமுத்தூரில் கணபதி என்கிற பகுதியில் எங்கள் வீட்டு முன்னறைதான் ஆபீஸ். எதிரில் லேத்துப் பட்டறை. அவர்கள் மெஷினை நிறுத்தினால்தான் எனக்குக் காது இருப்பதே தெரியும்.

அதற்கு முன்னால் ஒரு பெரிய கம்பெனியின் டிசைன் பிரிவில் இருந்தேன். படத்தின் வலது கீழ் மூலையில் சிறிய கட்டம் ஒன்று இருக்கும். வரைந்தவர் யார் என்று அதில் இரண்டு எழுத்துப் போட வேண்டும். நான் வரைந்த படங்களில் எல்லாம் என் மேலாளரின் எழுத்து இருந்தது. ஏன் என்று ஒருநாள் கேட்டேன். “டிபார்ட்மெண்ட்டு வேலைதானுங்களே மேடம், யாரு வரைஞ்சா என்னங்க?” என்றார், மிகவும் மரியாதையாக. எங்கள் ஊரில் வயிற்றில் அடிப்பதாக இருந்தாலும் ‘ங்க’ போட்டுத்தான் அடிப்பார்கள். நானும் ‘ங்க’ போட்டே வேலையை விட்டேன்.

முன்னறைக்கு வந்த பிறகு மூலைக் கட்டத்தில் என் இரண்டு எழுத்து. சின்ன விஷயம்தான். ஆனால் ஒவ்வொரு படத்தையும் முடித்து அந்தக் கட்டத்தை நிரப்பும்போது எனக்குச் சந்தோஷமாக இருக்கும். இத்தனை வருஷத்தில் அந்தச் சந்தோஷம் குறையவே இல்லை.

போன தீபாவளிக்குக் கொஞ்சம் முன்னால் அவிநாசிப் பக்கம் புதிதாக வளர்ந்துகொண்டிருந்த ஒரு பம்பு கம்பெனியிலிருந்து கூப்பிட்டார்கள். இதுவரை துண்டு துண்டாகப் பாகங்களை வரைந்துகொண்டிருந்த என்னிடம் முழுப் பம்பையும் தருவதாகச் சொன்னார்கள். வருஷம் முழுக்க வேலை. ஒரு நிபந்தனை, முதலில் ஒரு மாதிரி ஃபைல் அனுப்புவார்கள், அதைத் திறந்து, தப்பைக் கண்டுபிடித்து, திருத்தி, சொன்ன தேதிக்குள் அனுப்ப வேண்டும். அதை என் பழைய கம்ப்யூட்டரில் திறந்து பார்த்தால் குக்கர் நான்கு விசில் விடும் நேரம் சுற்றிக்கொண்டே இருந்துவிட்டு அப்படியே உறைந்து போகும். அதைவிடச் சின்ன ஃபைலுக்கே அதுதான் கதி.

அதே வாரம் பழைய கம்பெனி மேலாளரும் போன் செய்தார். “சீட்டு காலியாத்தான் இருக்குதுங்க மேடம். எப்ப வேணாலும் வாங்க” என்றார். எனக்கு வேலை குறைந்திருக்கிறது என்று எப்படியோ மோப்பம் பிடித்திருந்தார். நான் யோசித்துச் சொல்வதாகச் சொன்னேன். யோசிக்க ஒன்றுமே இல்லை. அவிநாசிக்காரர்கள் வேலை கிடைத்தால் முன்னறை, கிடைக்காவிட்டால் அந்தச் சீட்டு, அந்த மூலைக் கட்டம், அவருடைய எழுத்து.

ஆகவே காந்திபுரத்தில் ஒரு கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன். கடைக்காரர் முப்பது வயதுக்காரர், சாதுவானவர். எனக்கு வேண்டியதைக் கேட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகச் சொல்லி விலை போட்டார். ரேமுக்கு வந்ததும் கொஞ்சம் தயங்கினார். ரேம் என்பது கம்ப்யூட்டர் வேலை செய்யும் மேசை மாதிரி. மேசை சின்னதாக இருந்தால் பெரிய படத்தை விரிக்க முடியாது. எனக்குப் பெரிய மேசை வேண்டும். விரல் நீளத்தில் இரண்டு பச்சைப் பட்டை, அவ்வளவுதான் பார்ப்பதற்கு. அந்த இரண்டு பட்டைக்கும் அன்றைக்கு ஒரு நல்ல ஃபிரிட்ஜின் விலை.

“ஏறிட்டே இருக்குதுங்க அக்கா. இன்னைக்குச் சொன்ன ரேட்டு இன்னைக்குத்தானுங்க” என்றார்.

இந்த இடத்தில் நான் செய்ததை எங்கள் பக்கத்து ஆள்கள் தவிர வேறு யாரும் செய்திருக்க மாட்டார்கள். பர்ஸில் பணம் இருந்தது. பொருள் பிடித்திருந்தது. ஆனாலும் முதலில் சொன்ன விலைக்கு வாங்குவது எங்கள் குடும்பத்தில் வழக்கம் இல்லை. அதற்கென்று ஒரு முறை உண்டு. “யோசிச்சுட்டு வாரேனுங்க” என்று சொல்ல வேண்டும். மெதுவாக எழுந்திருக்க வேண்டும். பையை எடுத்து, தண்ணீர் பாட்டிலை எடுத்து, மறந்த மாதிரி மறுபடி திரும்பிப் பார்த்து, வாசல்வரை நடக்க வேண்டும். அதற்குள், “ஏனுங்க, வந்து உக்காருங்க, பாத்துப் பண்ணித் தாரேன்” என்று குரல் வரும். சேலைக் கடையிலிருந்து டைல்ஸ் கடைவரைக்கும் வந்திருக்கிறது.

நான் எழுந்தேன். பையை எடுத்தேன். பாட்டிலை எடுத்தேன். “சரிங்கக்கா, போயிட்டு வாங்க” என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த ஆளுக்கு விலை சொல்லத் தொடங்கினார். ஸ்கூட்டர் பக்கத்தில் நின்று ஹெல்மெட் வாரை மூன்று தடவை சரிசெய்தேன். யாரும் கூப்பிடவில்லை. அந்த மனிதர் நிஜமாகவே நான் யோசிக்கப் போகிறேன் என்று நம்பிவிட்டார்.

வீட்டுக்கு வந்து வீட்டுக்காரரிடம் சொன்னேன். அங்கேதான் விஷயம் கெட்டது.

என் வீட்டுக்காரர் மோட்டார் உதிரி பாகங்களுக்கு ஏஜெண்டு. ஆனால் அது பகல் வேஷம். உள்ளுக்குள் அவர் சத்தியமங்கலத்துப் பக்கம் மஞ்சள் போடுகிற குடும்பத்து ஆள். அண்ணன் ஊரில் விவசாயம் பார்க்கிறார். பங்கில் வந்த மஞ்சள் மூட்டைகளை இவர் ஈரோட்டில் ஒரு குடோனில் போட்டு வைத்திருந்தார். விலை ஏறட்டும் என்று வைத்தது. ஏறியபோது இன்னும் ஏறட்டும் என்று வைத்தார். இறங்கியபோது மறுபடி ஏறட்டும் என்று வைத்தார். தினமும் சாயங்காலம் காப்பி குடிக்கும்போது மண்டி ரேட்டைப் போனில் பார்த்து உரக்க வாசிப்பார். விரலிக்கு இவ்வளவு, கிழங்குக்கு இவ்வளவு என்று. நான் “ம்” என்பேன். எங்கள் தாம்பத்தியத்தில் பாதி உரையாடல் இதுதான்.

ரேம் கதையைக் கேட்டதும் அவர் முகம் தெளிந்தது. இத்தனை வருஷத்தில் என் தொழிலில் அவருக்குப் புரிகிற ஒரு விஷயம் வந்திருக்கிறது.

“எதுக்கு ஏறுதாம்?”

“ஏஐ கம்பெனிக்காரங்க மொத்தமா அள்ளிக்கிறாங்களாமுங்க. செய்யறவங்களும் அவங்களுக்குத்தான் செஞ்சு குடுக்கறாங்களாம். நம்மளுக்கு வரத்து இல்லையாம்.”

“வரத்து இல்ல. அதான பார்த்தேன்” என்றார் நிம்மதியாக. “அப்ப இது பதுக்கல் ஏத்தம் அம்மணி. நிக்காது. புது வரத்து வந்ததும் பொத்துன்னு உளுகும். கொஞ்சம் பொறு.”

என்னுடைய வேலையை இனி நாங்களே செய்துகொள்கிறோம் என்று சொல்கிற மெஷின்கள், அந்த வேலையைச் செய்ய எனக்கு வேண்டிய மேசையையும் தூக்கிக்கொண்டு போயிருக்கின்றன. எனக்கு எரிச்சலாக இருந்தது. ஆனால் விலை விஷயத்தில் அவருக்கு அனுபவம் உண்டு என்று நானும் நம்பினேன். உண்மையைச் சொன்னால், கடையில் யாரும் கூப்பிடாத அவமானமும் எனக்கு இருந்தது.

அடுத்த சனிக்கிழமை அவரும் என்னோடு கடைக்கு வந்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கடைக்காரரிடம் மஞ்சள் மண்டியில் பேசுகிற தொனியில் விசாரித்தார்.

“தம்பி, இந்த ரேமு எங்கீங்க உற்பத்தி?”

“கொரியாங்க அண்ணா. அமெரிக்கா கம்பெனியும் ஒண்ணு இருக்குதுங்க.”

“கொரியாவுல வரத்து எப்ப சாஸ்தியாகும்?”

கடைக்காரர் சிரிக்கவில்லை. எங்கள் ஊர் ஆள் அல்லவா, கேள்வி நியாயமானது என்றுதான் அவருக்கும் பட்டது. “புது ஃபேக்டரி கட்டிட்டிருக்காங்களாமுங்ணா. எப்படியும் ரெண்டு வருசம் ஆகுமுங்க” என்றார்.

“ரெண்டு வருசந்தானே” என்று என் பக்கம் திரும்பினார் வீட்டுக்காரர். மஞ்சளை அதற்கு மேலும் வைத்திருந்தவர் அவர்.

அந்தச் சனிக்கிழமை ஃபிரிட்ஜ் விலை ஏசி விலையாகியிருந்தது. அன்றைக்குத்தான் அந்த யோசனையும் அவருக்கு உதித்தது. ஏறுகிறதை விட்டுவிடுவோம், ஏறாததை எல்லாம் வாங்கி வைத்துவிடுவோம், ரேம் இறங்கியதும் அதை மட்டும் வாங்கிச் செருகிக்கொள்ளலாம். கேட்பதற்கு அவ்வளவு புத்திசாலித்தனமாக இருந்தது. கடைக்காரர் மட்டும், “மத்ததெல்லாம் அவசரமில்லைங்க, வாங்கறதுன்னா ரேமை மொதல்ல வாங்கீருங்க” என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். எதை விற்க முடியவில்லையோ அதைத்தான் கடைக்காரன் தலையில் கட்டப் பார்ப்பான் என்பது எங்கள் நம்பிக்கை. ஆகவே மற்றதை எல்லாம் வாங்கினோம். என் சேமிப்பில் பெரும்பாகம் அதற்குப் போனது. சந்தனம், குங்குமம், சூடம் எல்லாம் அப்போது நடந்ததுதான்.

பிறகு பெட்டி மேசைமேல் உட்கார்ந்தது. விருந்தாளிகள் வந்தால் வீட்டுக்காரர் பொத்தானை அமுக்கிக் காட்டுவார். விளக்கு ஓடும். “அடேங்கப்பா” என்பார்கள். கவுண்டம்பாளையத்திலிருந்து வந்த என் அத்தை, “படம் எப்ப வரும்?” என்று கேட்டார். “வரத்து வந்ததும் வரும்” என்றேன். அவர் ஏதோ கேபிள் டிவி பிரச்சினை என்று எடுத்துக்கொண்டு காப்பியைக் குடித்தார்.

பழைய கம்ப்யூட்டரின் ரேமைக் கழற்றி இதில் போடலாமே என்று கேட்காதவர்கள் இல்லை. அது பழைய வகை, இதில் நுழையாது. சின்னதாக ஒன்றை வாங்கிப் போடலாமே என்றால், போடலாம், திரை வரும், என் ஃபைல் திறக்காது. பெரிய மேசைக்குத்தான் இந்தப் பாடு.

மார்கழி பிறந்தது. நல்லவேளையாக அவிநாசிக் கம்பெனி முதலாளியும் எங்கள் மாதிரியே ஆள். மார்கழியில் புது வேலை தொடங்க மாட்டார். “தை பொறக்கட்டுமுங்க, பொங்கல் கழிஞ்ச மறுநாளே ஃபைலு வந்துருமுங்க. அந்த வாரத்துலயே முடிச்சுக் குடுத்துருங்க, இல்லீன்னா பீளமேட்டுல ஒரு ஆபீஸ் கேட்டுட்டே இருக்குதுங்க” என்றார். வீட்டுக்காரருக்கு இது பெரிய ஆறுதல். ஒரு மாசம் இருக்கிறது, அதற்குள் இறங்கிவிடும். அந்த மாசத்திலேயே ஏசி விலை ஸ்கூட்டர் விலையாயிற்று. நான் கடைக்கு ஓட்டிப்போன அதே ஸ்கூட்டர், புதுசாக ஷோரூமில் எடுத்தால் என்ன விலையோ அந்த விலை. இரண்டு பட்டைக்கு. இனி என் கையிருப்பு எட்டாது.

இப்போது சாயங்காலக் காப்பிக்கு இரண்டு ரேட் வாசிக்கப்பட்டது. மஞ்சள் ஒன்று, ரேம் ஒன்று. ஒருநாள் ரேம் விலை துளி இறங்கியதாக எங்கோ பார்த்துவிட்டு, “பாத்தியா, ஒடைஞ்சிருச்சு” என்றார். மறுநாள் அது இருந்த இடத்துக்கும் மேலே போய் உட்கார்ந்துகொண்டது. அன்றைக்கு நான் காப்பியைக் கொஞ்சம் சத்தமாக வைத்தேன்.

பொங்கலுக்கு முந்தின வாரம் பழைய மேலாளர் மறுபடி போன் செய்தார். பொங்கல் லீவு முடிந்ததும் வருவதாக இருந்தால் சொல்லும்படி கேட்டார், ‘ங்க’ போட்டு. நான் போனை வைத்ததும் வீட்டுக்காரர் ரேட் வாசிக்க வாயைத் திறந்தார்.

எனக்குக் கோபம் வந்தது. நான் சத்தம் போடுகிறவள் இல்லை. அன்றைக்குப் போட்டேன். எதிர்ப் பட்டறையில் லேத்தை நிறுத்தினார்கள்.

“நீங்க இறங்கும் இறங்கும்னு சொல்லிச் சொல்லி என்னைய நடுத்தெருவுல நிறுத்திப்போட்டீங்க. மஞ்சளு உங்களுதுங்க, வெச்சிருங்க, மக்கிப் போகட்டும். வேலை என்னோடதுங்க. அந்தச் சீட்டுல போயி மறுபடி உக்காந்து இன்னொருத்தன் எழுத்தைப் போட்டுக் குடுக்க என்னால முடியாது. எனக்கு அது சாவறாப்பல இருக்குதுங்க.”

கோபத்திலும் ‘ங்க’ விடவில்லை. அழுகை வந்ததால் உள்ளே போய்விட்டேன். அந்த மூலைக் கட்டத்து விஷயத்தை அதற்கு முன் நான் அவரிடம் சொன்னதே இல்லை என்று அடுப்படியில் நின்றபோதுதான் ஞாபகம் வந்தது. சம்பளம் போதவில்லை என்று சொல்லித்தான் வேலையை விட்டிருந்தேன். அன்றைக்கு அவர் ரேட் வாசிக்கவில்லை.

மறுநாள் காலையில் இட்லி சாப்பிட்டுவிட்டு, “ஈரோடு வரைக்கும் போயிட்டு வாரேன்” என்றார். ஏஜெண்டு வேலையாக அடிக்கடி போகிறவர்தான். நான் திரும்பிப் பார்க்கவில்லை. அன்று முழுவதும் பழைய கம்பெனிக்கு எழுத வேண்டிய பதிலை எழுதி எழுதி அழித்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு மரியாதையாக எழுதினாலும் அது கெஞ்சுவது போலவே வந்தது.

மறுநாளும் கிளம்பினார். திரும்பி வரும்போது வெயில் தாழ்ந்திருந்தது. கையில் காந்திபுரம் கடையின் சிறிய காகிதப் பை. அதை என் மேசைமேல் வைத்துவிட்டுக் கைகால் கழுவப் போனார். உள்ளே இரண்டு பச்சைப் பட்டைகள், உறை பிரிக்காமல்.

நான் பின்கட்டுக்குப் போய் நின்றேன். “பணம் ஏதுங்க?” என்று கேட்டேன்.

“மஞ்சளக் குடுத்துட்டேன்.”

“எல்லாமுங்களா?”

“ஆமா.” துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். வேண்டிய அளவுக்கு மேலேயே நேரம் எடுத்துக்கொண்டு துடைத்தார்.

“என்ன ரேட்டுக்குப் போச்சுங்க?”

“கேக்கலை. போட்டதை வாங்கிட்டு வந்துட்டேன்.”

“கடைக்காரரு எவ்வளவு குறைச்சாருங்க?”

“கேக்கலை அம்மணி.”

அவர் எழுந்து வாசல்வரை நடந்து பார்க்கவில்லை. பாட்டிலை எடுக்கவில்லை. சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். எங்கள் பக்கம் வாழ்ந்தவர்களுக்குத்தான் இதன் கனம் தெரியும். கல்யாணத்தின்போதுகூட அவர் குடும்பத்தார் மண்டப வாடகையை இரண்டு மாசம் பேசியவர்கள்.

மறுநாள் கடையிலிருந்து ஆள் வந்து பட்டைகளைச் செருகிவிட்டுப் போனார். இந்தத் தடவை சூடம் காட்டவில்லை. பொத்தானை அமுக்கினேன். திரை வந்தது. வீட்டுக்காரர் கதவோரம் நின்று பார்த்துவிட்டு, “வருது” என்றார். மேலாளருக்கு எழுதி வைத்திருந்த பதிலை அழித்துவிட்டு, வர இயலாது என்று ஒரே வரியில் எழுதினேன். அதிலும் ‘ங்க’ இருந்தது.

பொங்கல் கழிந்த மறுநாள் ஃபைல் வந்தது. குக்கர் ஒரு விசில்கூட விடவில்லை, திறந்துவிட்டது. பம்பு முழுசாகத் திரையில் நின்றது. சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். தண்ணீர் வெளியே வரும் வாய்ப் பக்கம் ஓர் இடத்தில் சுவரின் தடிமன் குறைவாக இருந்தது. அப்படியே வார்த்தால் அங்கே விரிசல் விடும். அவர்கள் வேண்டுமென்றே விட்ட தப்பா, தெரியாமல் விட்டதா என்று இன்றுவரை அவர்களும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. திருத்தி அனுப்பினேன். வேலையைக் கொடுத்தார்கள்.

தை முடிவதற்குள் மஞ்சள் விலை ஏறியது. துளித் துளியாக இல்லை, அவர் இத்தனை வருஷம் காத்திருந்தாரே, அந்த மாதிரி ஏறியது. எனக்கு எப்படித் தெரியும் என்றால் நான்தான் இப்போது சாயங்காலம் திருட்டுத்தனமாக ரேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் பார்ப்பதை நிறுத்தியிருந்தார். காப்பி நேரத்தில் பேச விஷயம் இல்லாமல் ஜன்னலைப் பார்த்தபடி குடித்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊரிலிருந்து அவருடைய அண்ணன் போன் செய்தார். நான் முன்னறையில் படம் வரைந்துகொண்டிருந்தேன். இவர் ஸ்பீக்கரில் போட்டுப் பேசுகிற பழக்கம் உள்ளவர். பட்டறைக்கு ஞாயிறு லீவு, ஆகவே எல்லாம் தெளிவாகக் கேட்டது.

“ஏன்டா, இத்தன வருசம் வெச்சிருந்துட்டு, ஏறப்போற நேரத்துல வித்துப்போட்டயாமா? இன்னும் பத்து நாளு உன்னால பொறுக்க முடியலையா?”

இவர் சொன்னார்.

“எனக்குப் பொறுக்குமுங்ணா. அவ பொறுத்தது போதுமுங்ணா.”

நான் திரையில் இருந்த பம்பைப் பெரிதாக்கினேன். தேவையே இல்லாமல் மேலும் பெரிதாக்கினேன். ஒரு போல்ட் ஓட்டை திரை முழுவதையும் அடைத்துக்கொண்டு மங்கலாகத் தெரிந்தது. கண்ணைத் துடைத்த பிறகு சரியாகத் தெரிந்தது. படத்தை முடித்து, வலது கீழ் மூலைக்குப் போய், என் இரண்டு எழுத்தையும் போட்டேன். பிறகு எழுந்து போய் அவருக்குக் காப்பி போட்டுக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்து, அன்றைய மஞ்சள் ரேட்டை நானே வாசித்தேன். விரலிக்கு இவ்வளவு, கிழங்குக்கு இவ்வளவு.

அவர் “ம்” என்றார்.